அருவித் தொட்டியில் நீ அடைத்த ஓட்டைகள்

கோபத்தோடும் ஆசையோடும் என் வீட்டுக்காரருக்கு,

நீ இருந்தவரைக்கும் உனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் படகு கரைக்கு வந்ததும் கேட்டுவிடுவேன். இப்போது எந்தக் கரையில் நின்று கேட்பது? அதனால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.

விஷயம் உன் அருவிதான். கொல்லையில் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி, ரப்பர் விரிப்பு போட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி, சுற்றிலும் கூழாங்கல் கொட்டினாய். அதன்மேல் தண்ணீர் விழுவதற்கு ஆள் உயரத்துக்குக் கல் அடுக்கினாய். பம்ப்பை நாளைக்கு இறக்கலாம் என்றாய். அந்த நாளை வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான்.

உன்னை எத்தனை கேலி செய்திருப்பேன். முன்னால் பழவேற்காடு ஏரி, பின்னால் கடல், இதில் உனக்குக் கொல்லையில் வேறு தண்ணீரா என்றேன். "ஏரித் தண்ணி ஏறுது, வடியுது. என்னிக்காவது வுழுந்து பாத்துக்கிறியா?" என்றாய். கல்யாணமான புதிதில் தடா அருவிக்குக் கூட்டிப்போனாயே, அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

குளம் வைத்தால் கொசு வரும், பேத்தி விழுந்துவிடுவாள் என்று நான் சண்டை போட்டேன். உடனே குளமே இல்லாத அருவியைக் கண்டுபிடித்து வந்தாய். விழுகிற தண்ணீர் கல்லுக்குள் மறைந்துவிடுமாம், கீழே தொட்டியில் சேருமாம், பம்ப் மறுபடி மேலே ஏற்றுமாம். "பராமரிப்பே வாணாம் தேசு, போட்டா போட்டதுதான்" என்றாய். போட்டவரைக் காணோம். பராமரிப்பை நான் செய்துகொண்டு கிடக்கிறேன்.

உன் தம்பி ஏழுமலையின் தொல்லை தனி. தோண்டினவர் போன பிறகு வீட்டில் குழி திறந்து கிடக்கக் கூடாதாம். வருஷ திதிக்குள் மூடிவிட வேண்டுமாம். ஊரில் நாலு பேர் சொல்கிறார்களாம்.

"இன்னா அண்ணி, இன்னும் எத்தினி நாளைக்கு இத்த தொறந்து வெச்சினு இருப்ப? அண்ணனுக்கே ஆவாது."

"இது குழி இல்ல ஏழுமல, அருவி."

"எங்க, தண்ணி வுழுதா?"

திதிக்குள் தண்ணீர் விழுந்தால் சரி, இல்லையென்றால் மண்வெட்டியோடு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நீ கடைசியாகத் தொட்டுச் செய்த வேலையை மண் போட்டு மூடவா உன்னோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தினேன்?

உப்புத் தண்ணீர் பம்ப்புக்கு ஆகாது என்று நீதான் சொல்லியிருந்தாய். அதனால் நல்ல தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் ஒரு குடம், இரண்டு குடமாகத் தொட்டியில் சேர்த்தேன். குடிக்கிற தண்ணீரைக் குழியில் ஊற்றுகிறாள் என்று என் காதுபடவே பேசினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன். தொட்டி நிறைந்ததும் கரண்டு வேலைக்காரரைக் கூப்பிட்டுப் பம்ப்பை இறக்கி சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் மேலே ஏறிக் கல்லில் விழுந்தது. நிஜமாகவே விழுந்ததய்யா. அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் நின்றுபோனது.

பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டு கத்துகிறது. தொட்டி காலி. மேலே போன தண்ணீரெல்லாம் வெளியே கூழாங்கல்லுக்குள் நிற்கிறது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே உன் தொட்டி கல்லைத் தள்ளிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே எழும்பியது. நம் கொல்லையில் மிதந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஏழுமலை சிரித்தான். தொட்டியை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. உதைத்தும் விட்டேன்.

அதை விற்ற நர்சரிக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "பக்கவாட்டுல வட்ட வட்டமா ஓட்டை இருக்கும்மா. கல்லுல எறங்குற தண்ணி அது வழியாத்தான் உள்ள வரணும். தொறந்திருக்குதா?" ஓட்டையே கிடையாது என்று சொல்லிக்கொண்டே தொட்டியைப் புரட்டினேன்.

வட்ட வட்டமாக நீல ஒட்டு. நம் படகுக்கு அடித்த அதே நீலம். பைபர் துணி வைத்து, பிசின் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்து, ஒன்று விடாமல் அடைத்து வைத்திருக்கிறாய். கடைக்காரர் ஓட்டைத் தொட்டியைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்தாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? ஊர்ப் படகுக்கெல்லாம் ஒட்டுப் போட்ட ஆள் நீ. ஓட்டையைப் பார்த்துவிட்டு உன்னால் சும்மா இருக்க முடியுமா?

"லைன்ல இருக்கீங்களாம்மா?" என்றார் நர்சரிக்காரர். இருக்கிறேன், அடைத்ததைத் திறந்தால் போதும்தானே என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

துளை போடுகிற மெஷினை ஏழுமலைதான் கொண்டுவந்தான். ஒட்டைத் தடவிப் பார்த்ததும் அவன் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "அண்ணன் கைவேல. என்னால ஆவாது அண்ணி, நீயே போடு" என்று மெஷினை என்னிடம் நீட்டினான். நான் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே போட்டேன். எவ்வளவு கெட்டியாக ஒட்டியிருக்கிறாய், பாவி. உடம்பு மொத்தத்தையும் கொடுத்து அழுத்தினால்தான் உடைந்தது.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். கீழ் வரிசையில் ஓரமாக இருப்பது. அதை நீ தேய்க்கவும் இல்லை, பெயிண்ட் அடிக்கவும் இல்லை. பிசின் காய்வதற்கு முன்னால் அழுத்திப் பார்த்திருக்கிறாய். உன் கட்டைவிரல் ரேகை அதில் அப்படியே இருக்கிறது.

திதி அன்று உனக்குப் படையல் போடும்போது அருவி ஓடியது. ஏழுமலை மண்வெட்டி கொண்டுவரவில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கல்லோரமாகவே உட்கார்ந்திருந்தான். ஆனால் முருங்கை இலை உதிர்ந்து அடைக்கிறது, வெயிலுக்குத் தண்ணீர் சுண்டுகிறது, லாரி வராத வாரம் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. பராமரிப்பே வேண்டாமா? வந்து பாருய்யா ஒரு நாள்.

ஒரு ஓட்டை அடைபட்டிருப்பதால் தண்ணீர் மெதுவாகத்தான் சேர்கிறது, அதையும் திறந்துவிடு என்கிறான் உன் தம்பி. மெதுவாகவே சேரட்டும். இந்தத் தொட்டி வீணாகி வேறு மாற்றுகிற நாள் வந்தால், அந்த இடத்தை மட்டும் அறுத்தெடுத்து வைத்துக்கொள்வேன். நான் இருக்கிறவரைக்கும் அதில் யாரும் துளை போட மாட்டார்கள். சத்தியம்.

இன்னும் திட்டி முடிக்காத
உன் பொண்டாட்டி,
தேசம்மா