தெளியட்டும் என்று வைத்த இஞ்சிச் சாறு

அன்புள்ள அம்மாவுக்கு, நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே ஒன்று நடந்தது, பதறாதே. என் அறையில் இருந்த இஸ்திரிக்கார அண்ணன் வெள்ளிக்கிழமை சாப்பிட்டு எழுந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாயுதான்டா. கொஞ்சம் இஞ்சிச் சாறு போட்டுக் குடு."

நீ செய்கிற மாதிரியே தோல் சீவி, தட்டிப் பிழிந்து, நஞ்சு என்று நீ சொல்லும் அந்த வெள்ளை வண்டல் அடியில் தங்கட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். தெளிந்ததை இறுத்துத் தேன் விட்டுக் கொடுத்தேன். குடித்து ஏப்பம் விட்டார். "இப்ப தேவல" என்றவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

"மாரடைப்பு. கால் மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருந்தா பிழைச்சிருப்பார்" என்றார் டாக்டர்.

இஞ்சியைக் குறை சொல்லவில்லை. சளிக்கும் அஜீரணத்துக்கும் அது கைகண்ட மருந்துதான். ஆனால் அப்பாவும் வாயு என்று சொல்லி நெஞ்சைத் தடவிக்கொள்வாரே, இதைப் படித்த கையோடு டாக்டரிடம் கூட்டிப் போ. இந்த முறை எனக்குச் சுக்குப் பொடி அனுப்ப வேண்டாம். உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. பக்கத்துக் கட்டில் காலி.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. கிண்ணத்தின் அடியில் அந்த வெள்ளை வண்டல் காய்ந்து கிடக்கிறது. இன்னும் கழுவவில்லை அம்மா.

உன் மகன்