அப்பா நடந்த பதினோராயிரம்

டிசம்பர் 9, 2024

காலையில் சீனி டப்பாவில் உப்பைக் கொட்டி வைத்தேன். இரண்டே நிமிடத்தில் மாட்டினேன். இந்த வீட்டில் எழுந்ததும் முதலில் திறப்பது வாசக்கதவை இல்லை, சீனி டப்பாவைத்தான். அப்பா முதல் வாயைத் துப்பிவிட்டு "காளி" என்றார். காளீஸ்வரி என்று முழுசாகக் கூப்பிட்டால் பாசம். பாதியில் நிறுத்தினால் பூசை. பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஓடி என்ன பண்ண? பஸ்ஸை ஓட்டுகிறவரும் அவர்தான்.

டிசம்பர் 12

ஐயாத்துரை மாமாவுக்கு இருப்பது ஒரே பஸ். அருப்புக்கோட்டைக்கும் எங்க ஊர் பரளச்சிக்கும் ஒரு நாளைக்கு ஆறு நடை. பஸ்காரர்கள் டிரிப்பை நடை என்றுதான் சொல்வார்கள். அப்பா பதினெட்டு வருசமாக ஆறு நடை போகிறார், ஒரு நடைகூட நடந்ததில்லை. இதை கண்டக்டர் சதீசு அண்ணனிடம் சொன்னேன். சிரித்ததில் விசில் கீழே விழுந்துவிட்டது.

சிரிக்கிற ஆளுக்கும் தொப்பை இருக்கு. இருபத்தெட்டு வயசு, தொப்பைக்கு நாப்பது. காரணம் தங்கம்மாள் அத்தை கடை. பஸ் எந்தக் கடை முன்னால் நிற்கிறதோ அந்தக் கடையில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் காசு கிடையாது. பஸ் நின்றால்தானே கடைக்குக் கூட்டம். ஆக, ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் ரெண்டு கரண்டி சீனி போட்டு ஒரு டீ, சீனிப்பாகில் ஊறின ஒரு பால்பன். வேண்டாம் என்றால் சண்டை என்று அர்த்தம்.

டிசம்பர் 17

சாயங்கால நடையில் நானும் இருந்தேன். கண்மாய்க்கரை வளைவில் அப்பா திடீரென்று பஸ்ஸை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ரோடு ரெண்டாகத் தெரிந்ததாம். முப்பது பேர் உள்ளே. யாரும் கத்தவில்லை. தண்ணீர் பாட்டில் மட்டும் கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது.

டிசம்பர் 18

சுகர் 326.

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னாராம். ஐயாத்துரை மாமா வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார். "பங்குனி பொறக்குற வரைக்கும் பாப்பேன் தனுஷ்கோடி. இதே வளைவுல இன்னொரு மட்டம் நின்னா என்னால பதில் சொல்ல முடியாது. ஸ்டியரிங்க குடுத்துரு."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு வேற வேலை தெரியாது. வேற வேலை பிடிக்கவும் பிடிக்காது.

டிசம்பர் 19

அப்பா போனில் அடி எண்ணுகிற ஆப் போட்டுக் கொடுத்தேன். அம்மா வைத்த இலக்கு ஆறாயிரம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போனைக் காட்ட வேண்டும்.

டிசம்பர் 20

முதல் நாளே 9,412. அம்மா ரெண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். பஸ் நிற்கிற நேரத்தில் நாலு எட்டு வைத்ததுதானாம்.

நாலு எட்டு முப்பத்திரண்டுதானே?

டிசம்பர் 23

அரைப்பரீட்சை கடைசி நாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஊருக்கு இந்தப் பக்கம் குழாய் பதிக்கத் தோண்டி மூடாத ரோடு இருக்கே, அதில் பஸ் குதித்தது. அப்பா சட்டைப்பையில் இருந்த போனும் குதித்தது. இறங்கும்போது எதேச்சையாக வாங்கிப் பார்த்தேன். ஏறும்போது அப்பாவே காட்டியது 3,100. இப்போது 4,650. நடுவில் அவர் சீட்டை விட்டு எழவே இல்லை!

அப்பா நடக்கவில்லை. ரோடு நடத்துகிறது.

யாரிடமும் சொல்லவில்லை. இந்த வருசத்திலேயே நல்ல ஜோக்கு, அதுவும் நான் செய்யாமல் தானாக அமைந்தது. கொஞ்ச நாள் ஓடட்டும்.

டிசம்பர் 28

சதீசு அண்ணனும் ஆப் போட்டுக்கொண்டார். கண்டக்டர் நின்றுகொண்டே ஆடுவதால் 17,000. அப்பாவுக்கு 11,000. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, தோண்டின ரோட்டில் கொஞ்சம் வேகம் கூட்டினார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஜனவரி 5, 2025

தங்கம்மாள் அத்தை கடையில் தினமும் ரிசல்ட் அறிவிக்கிறார்கள். அப்பா 11,240. கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். "பதினோராயிரம் நடந்தாச்சு, ஒரு பால்பன்னு தாங்கும்" என்று அப்பா ஒன்று எடுத்தார். பிறகு இன்னொன்று. முன்னாடியெல்லாம் ஒன்றோடு நிறுத்துவார்.

எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. சிரிப்பால்தான் வலித்ததா என்று இப்போது எழுதும்போது தெரியவில்லை.

ஜனவரி 14

பொங்கல். அப்பா சர்க்கரைப் பொங்கல் மூணு தடவை வாங்கினார். அம்மா முறைத்ததற்குப் போனைக் காட்டினார். அம்மா போட்டுவிட்டாள்.

ஜனவரி 20

341.

ஜனவரி 20, மறுபடியும்

ஏறியிருக்கு. எறங்கல. மாத்திரையும் தின்னு, தினமும் பதினோராயிரம் நடந்தும் ஏறியிருக்குன்னா இந்த ஒடம்பு இனி தேறாதுன்னு அப்பா முடிவு கட்டிட்டார். தின்னுட்டுச் செவுத்தப் பாத்துப் படுத்துட்டார். அம்மா முருங்கைக்கீரைய உருவிக்கிட்டே இருந்தா. உருவ எலை இல்லாத காம்பையும் உருவினா. ஐயாத்துரை மாமா திருச்சுழியில ஒரு டிரைவரப் பாத்து வச்சிருக்காராம், சதீசு அண்ணன் சொன்னார்.

நான் சொல்லியிருந்தா? அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த ரெண்டாவது பால்பன்னு உள்ள போயிருக்காது. நாலு வாரம். நான் சிரிச்ச நாலு வாரம். மாமா அப்பாவுக்குக் குடுத்த மூணு மாசத்துல ஒரு மாசத்த நான் தின்னுட்டேன்.

ஜனவரி 21

வாயால் சொல்ல வரவில்லை. காலை நடையில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். தோண்டின ரோட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி, போனை வாங்கிக் காட்டினேன்: 212. திரும்பச் சட்டைப்பையில் போட்டேன். "இப்பப் போங்கப்பா" என்றேன். ரோடு முடிந்த இடத்தில் மறுபடி எடுத்துக் காட்டினேன்: 1,730.

அப்பா அதைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். கிளட்ச்சில் இருந்தது.

"ஒனக்கு எப்பத்தா தெரியும்?"

"அரைப்பரீட்சை கடைசி நாளு."

பின்னால் யாரோ பஸ்ஸை எடுக்கச் சொன்னார்கள். அப்பா எடுத்தார். அருப்புக்கோட்டை வரைக்கும் ஆரன்கூட அடிக்கவில்லை. இறங்கும்போது மட்டும் சொன்னார், "நாளைக்குக் காலையில அஞ்சுக்கு நீயும் வார." திட்டியிருக்கலாம். திட்டினால் பதில் சொல்லத் தெரியும் எனக்கு.

சதீசு அண்ணன் அவசரமாகத் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழாயிரத்தில் எத்தனை அவருடையது என்று கணக்குப் போட்டிருப்பார்.

ஜனவரி 22

கண்மாய்க்கரை. அய்யனார் கோயிலிலிருந்து மடை வரைக்கும் போய்த் திரும்பினால் ஒரு சுற்று. ஆப்பை அழித்துவிட்டோம். பஸ்ஸில் கிடக்கிற பழைய டிக்கெட்டைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன். ஒரு சுற்றுக்கு ஒரு டிக்கெட் அப்பா கையில் கொடுப்பது என் வேலை. ஓசியில் நடக்க முடியாது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்று டிக்கெட். அதற்கே மூச்சு வாங்கி மடைச்சுவரில் உட்கார்ந்துவிட்டார். பதினோராயிரம் நடந்தவர்.

ஜனவரி 24

பஸ் ஊரில் நிற்கிற இருபத்தைந்து நிமிடத்திலும் நடப்பது என்று அப்பா முடிவு செய்தார். இன்று மத்தியானம் பஸ்ஸை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று கிழக்கே நடந்தார். நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார்கள். வேற பஸ் மாத்திவிடப் போகிறார் என்று நினைத்தார்களாம். ஊர்ப் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்த்தான் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒரு அம்மாவுக்கு மூட்டுவலி. வைததை அப்பா எங்களிடம் முழுசாகச் சொல்லவில்லை.

ஜனவரி 25

இதைவிடப் பெரிய சிக்கல். அப்பா டீயும் பால்பன்னும் வேண்டாம் என்றதில் தங்கம்மாள் அத்தைக்குக் கோபம். பஸ் எதிர்க்கடைக்கு மாறப்போகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அத்தை எங்க அம்மாவைப் பார்த்தும் பாராதது மாதிரிப் போனாளாம்.

ஜனவரி 28

அப்பாவே போய்ச் சொல்லிவிட்டார். சுகர் எவ்வளவு, ஸ்டியரிங் போகப்போவது, எல்லாம். அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. "வேற கடையில குடிக்கலேல்ல?" இல்லை என்றதும், "அதச் சொல்றதுக்கு நாலு நாளா?" என்று தனியாக ஒரு சின்னச் சட்டியை அடுப்பில் ஏற்றினாளாம். சீனி போடாத சட்டி.

பிப்ரவரி 3

ஐந்து டிக்கெட். அப்பா சிரித்தார். நான் சொன்ன எதற்கும் இல்லை, நாய் ஒன்று என் டிக்கெட்டைக் கவ்விக்கொண்டு ஓடியதற்கு. ஓடினதில் அரைச் சுற்று சேர்ந்தது.

பிப்ரவரி 9

கரையில் மூன்றாவது ஆள். சதீசு அண்ணன். காலில் ரப்பர் செருப்பு, கழுத்தில் விசில். "அண்ணன் முன்ன போறாக, நான் பின்ன போறேன், பஸ்ஸுல மாதிரியே" என்றார். யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேற.

பிப்ரவரி 13

அம்மாவும் வந்தாள். எங்களை எழுப்பத்தான் எப்படியும் எழுந்திருக்கிறாளாம், அதற்கு நடந்தே தொலைக்கலாமாம். எங்களை எல்லாம் முந்திப் போய் மடைச்சுவரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வழியிலேயே பறித்திருக்கிறாள்.

பிப்ரவரி 20

218. அப்பா அந்தச் சோதனைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், முன்பு போன் இருந்த பையில்.

பிப்ரவரி 26

தங்கம்மாள் அத்தை கடையில் சீனி போடாத சட்டி இப்போது பெரிய சட்டி. பால்பன் தட்டுக்குப் பக்கத்தில் தட்டாம்பயறுச் சுண்டல். முதலில் அப்பாவுக்காக வைத்தது, இப்போது சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து வைத அந்த மூட்டுவலி அம்மாதான் முதல் கிராக்கி.

மார்ச் 4

நாளை முதல் பரீட்சை. இன்றும் நடந்தேன். ஐந்தாவது டிக்கெட்டில் வேதியியல் ஒரு பாடம் முடிந்தது. அப்பா கேள்வி கேட்பார். பதில் சரியா என்று அவருக்குத் தெரியாது. தயங்கினால் தப்பு என்று வைத்துக்கொள்கிறார், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 15

இன்று பங்குனி ஒன்று. 156. கண்ணும் சோதித்தாகிவிட்டது, ரோடு ஒன்றாகத்தான் தெரிகிறது. மாத்திரையை நிறுத்தக்கூடாது, நடையையும் நிறுத்தக்கூடாது என்றாராம் டாக்டர்.

ஐயாத்துரை மாமா சீட்டை வாங்கித் தூர வைத்துப் படித்தார், கிட்ட வைத்துப் படித்தார். திருச்சுழி டிரைவரை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எங்கே சோதித்தோம், வெறும் வயிற்றில் போக வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

மார்ச் 19

மாமா தன் சுகர் எவ்வளவு என்று யாரிடமும் சொல்லமாட்டேன் என்கிறார். கேன்வாஸ் ஷூ வாங்கியிருக்கிறார்.

மார்ச் 27

பரீட்சை முடிந்தது. கணக்கு சுமார். இன்று கரையில் ஆறு பேர். டிக்கெட் பற்றவில்லை. சதீசு அண்ணனிடம் கேட்டால் "சீசன் டிக்கெட் எடுத்துக்குங்க" என்கிறார். என் ஜோக்கை எல்லாம் அவர் எடுத்துக்கொள்கிறார்.

ஏப்ரல் 1

முட்டாள்கள் தினம். டிசம்பரிலிருந்து ஒழுங்காக இருந்தாயிற்று, போதும். காலையிலேயே சீனி டப்பாவில் உப்பை நிரப்பி, மேலே தட்டிச் சமமாக்கி வைத்துவிட்டேன். அப்பா முகத்துக்குக் காத்திருக்கிறேன்.

ஏப்ரல் 2

ஒன்றும் நடக்கவில்லை. அப்பா டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 4

இன்னும் இல்லை. அம்மா கண்டுபிடித்துவிட்டு, தெரியாத மாதிரி இருக்கிறாளா? என்னிடமே என் வேலையைக் காட்டுகிறாளா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 9

இன்று ஐயாத்துரை மாமா வந்தார். அம்மா டீ போட்டாள். இதோ மாட்டியது என்று அடுப்படி வாசலில் நின்றேன். அம்மா சீனி போடவா என்று கேட்கக்கூட இல்லை. அவரும் கேட்கவில்லை. குடித்துவிட்டு, நாளைக்கு அஞ்சுக்கு வாரேன் என்று போனார்.

அப்புறம் நானே டப்பாவைத் திறந்து பார்த்தேன். உப்பு நான் தட்டி வைத்த மேனிக்கு இருந்தது. கரண்டி பட்ட தடம் இல்லை. ஒன்பது நாள்.

நானும் ஒன்பது நாளாக இந்த வீட்டில்தான் டீ குடிக்கிறேன்.