பல்லியை நான் கொல்லவில்லை

ஜெபக்கனி,

நீ காலை ஜெபத்துக்குப் போனதும் செங்கல் லாரி வந்துவிட்டது, லோடு இறக்கப் போகிறேன். சாவி டெபோரா மதினியிடம் இருக்கிறது.

நீ சோறு போட்டு வளர்த்த பல்லியைக் கறிவேப்பிலைச் செடி மூட்டில் புதைத்துவிட்டேன். அது எப்படிச் செத்தது என்று எனக்கும் தெரியவில்லை. "எறும்புப் பொடிய நீங்கதான வச்சீங்க, பொய் சொல்லாதீங்க" என்று நேற்று அழுதாய். நான் பொடி வாங்கவே இல்லையே.

நம் சண்டையில் யார் பேசும்போது பல்லி சொல்கிறதோ, அவர் பேச்சுதான் உண்மை என்று விட்டுவிடுவோம். இப்போது எனக்காகச் சொல்ல அது இல்லை. நீயாகத்தான் என்னை நம்ப வேண்டும்.

இவ்வளவு நீளமாக நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

இன்னொன்று. தூக்குவாளியை இப்போதுதான் திறந்து பார்த்தேன். அவ்வளவு அழுதும் எனக்கு இரண்டு முட்டை அவித்து வைத்திருக்கிறாய். நம்பாமலா வைப்பாய்? ஒன்றை உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன், சாப்பிடு.