முதல் விளக்கை அணைத்தது யார்

நவம்பர் 10, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். யூனிபோர்ம் காயவில்லை.

ரஞ்சி தந்த புத்தகம் பாதி முடிந்தது, அகராதியும் கையுமாக. நல்லூர் ரியூசன் வகுப்பில் அவள் என் பக்கத்து வாங்கில் இருப்பவள். போன மாதம் தந்தது ஓர் இருட்டு நகரத்தின் கதை: விளக்கேற்றினால் மரணம், ஆள்பவன் அரக்கன். இது அதற்கு முந்திய கதை, நகரம் எப்படி இருண்டது என்று. வெள்ளிக்கிழமை அபிப்பிராயம் சொல்லவேண்டுமாம்.

இதுவரை அபிப்பிராயம்: சப்பென்று இருக்கிறது. அந்த அரக்கன் இதில் பதினாறு வயதுப் பொடியன். நன்றாகப் பாடுகிறான். தங்கைக்குத் தலை பின்னிவிடுகிறான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. எரிச்சல்.

செய்ய: கேத்திரகணிதம். அண்ணையின் கிழிந்த சாரம் தைக்க. எண்ணெய் வாங்க, இந்தக் கிழமை அந்தோனியார் விளக்கு எங்கள் முறை. பொழுதுபடக் கோவிலில் திருந்தாதி மணி அடித்ததும் கரையில் அவர் சுருவம் நிற்கும் கூட்டில் ஏற்றவேண்டும். அதைப் பார்த்துத்தான் வள்ளங்கள் கல்லில் மோதாமல் வழி பிடிக்கும். மழையில் யார் போவது!

நவ. 11, புதன்

முடித்தேன். முடிக்காமலே விட்டிருக்கலாம்.

யாரும் கட்டளை போடவில்லை! வெளிச்சம் கண்டால் யாரோ கொல்ல வருவார்கள் என்று ஒரு கதை அடிபட்டது, அவ்வளவுதான். முதல் விளக்கை அணைத்தது அந்தப் பொடியனின் அம்மா, பிள்ளைகளைக் காப்பாற்ற. பிறகு பக்கத்து வீடு. பிறகு தெரு. அவன் வளர்ந்து வந்து இருட்டைச் சட்டமாக்கினான். அரக்கன் என்றால் எங்கோ தூரத்தில் இருப்பான். அம்மா என்றால்? பயமாக இருக்கிறது.

மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அவளென்ன விசரியே? ஆரும் தன்ரை விளக்கைத் தானே நூர்ப்பினமே?"

நவ. 13, வெள்ளி

ரியூசன் இல்லை. பட்டணத்தில் துவக்குச் சூடாம். பஸ் ஓடவில்லை. அப்பாவும் அண்ணையும் செய்தி வர முன்பே வள்ளத்தில் தொழிலுக்குப் போய்விட்டார்கள். இருட்டும் நேரம்தான் திரும்புவார்கள்.

பின்னேரம், பல வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டியார் வீட்டுக்கு வீடு படலையில் வந்து சொன்னார்.

"சந்தியிலை ஆமி லொறி நிக்குது. ஒரு வீட்டிலையும் வெளிச்சம் தெரியப்படாது. அந்தோனியாருக்கும் இண்டைக்கு வேண்டாம்."

"அப்ப வள்ளங்கள்?" என்றேன்.

"அவங்கள் கடல் தெரிஞ்சவங்கள், பிள்ளை."

அவருடைய வள்ளங்கள் எல்லாம் கரையில்.

மணி அடிக்கவில்லை. ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாக இருண்டது. கடைசியில் அம்மாவும் எங்கள் விளக்கை நூர்த்தாள்.

"வெளியிலை போகாதை. நீயாவது எனக்கு மிஞ்சவேணும்."

"அம்மா, அந்தப் புத்தகத்துத் தாயும் இதைத்தான் சொன்னவள்."

அம்மா வாசலில் போய் நின்று கடல் பக்கம் பார்த்தாள்.

யன்னலடியில் இருந்து எழுதுகிறேன். வெளிச்சம் போதாது, எழுத்து கோணல். காற்று கூடுகிறது. எண்ணெய்ப் போத்தல் மடியில். கேட்பது லொறியா, கடலா? என்ரை அந்தோனியாரே.

அம்மா நெருப்புப்பெட்டியை இடுப்பில் செருகுகிறாள்.

"எழும்பு. கொப்பரும் அண்ணையும் கரைக்கு வரட்டும். அதுக்குப் பிறகு ஆற அமரப் பயப்படுவம்."