ஆறு பேருடைய ஸ்ட்ரீக்

வியாழன், இரவு 11.40

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் எழுதுகிறேன்.

ஒரு வாரம் போனைத் தொடக்கூடாது என்று பள்ளியில் திட்டம். எங்கள் வகுப்புக்கு நான்தான் தலைவி. ஆறு தோழிகள் போனை வீட்டில் ஒப்படைத்துவிட்டு, பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்தார்கள். தினமும் ஒருவருக்கொருவர் ஒரு படம் அனுப்பாவிட்டால், செயலி எண்ணும் ஸ்ட்ரீக் என்ற தொடர் நாள் கணக்கு அறுந்துவிடுமாம். இத்தனை நாள் சேர்ந்த எண்ணிக்கை பூஜ்யமாகிவிடுமாம். மறுக்க முடியவில்லை. மூன்று நாளாக எல்லோர் கணக்கிலிருந்தும் என் போனில் நானே அனுப்பினேன். வகுப்பிலேயே அதிகம் போன் பார்த்தவள் தலைவிதான்.

இன்று மதியம் பள்ளியில் சாப்பிடும்போது, "இனி அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, நானூறு நாள் ஸ்ட்ரீக்கு! கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?" என்று அந்த ஆறு பேரில் ஒருத்தியான செல்வி கத்தினாள்.

"நானூறு நாளா என்னத்தட்டி அனுப்புன? ஃபேன் படம்தான!" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. "அறுந்துச்சுன்னா எங்கூடப் பேசாத" என்று சொல்லி செல்வி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மற்ற ஐந்து பேரும் அவள் பின்னாலேயே எழுந்து போனார்கள்.

பன்னிரண்டு மணிக்குள் அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும். போன் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனாலும் எடுக்க மாட்டேன். காலையில் டீச்சரிடம் என் தப்பை நானே சொல்வேன். பிறகு செல்வி பக்கத்தில்தான் போய் உட்காருவேன். அவள் நகர்ந்தால் நகரட்டும்.