தீபாவளிக்கு மறுநாள் மழை

கார்த்திகை முதல் வெள்ளி

இன்று எங்கள் புசல்லாவைத் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு ரவி வந்திருந்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது பல்கலைக்கழகத்தில் மழை ஆராய்ச்சி செய்கிறான். நான் இங்கே கணக்கெழுதும் கிளாக்கர். தினமும் காலையில் மழைமானியை அளந்து கொப்பியில் எழுதுவது என் வேலை. அந்த எண்களைத்தான் அவன் கோட்டுப் படமாக்கித் திரையில் காட்டினான்.

“ஆபிரிக்கா பக்கம் கடல் சூடாகுற வருசத்துல காத்து மாறி, ஈரத்த நம்ம மலைக்குக் கொண்டு வருது. இந்தப் படத்துல இருக்குற ஐப்பசி அப்படித்தான் கொட்டிச்சு,” என்றான். தோட்டத்தை நடத்தும் துரையே கை தட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

அவன் தொட்டுக் காட்டிய உயரமான கோடு அந்த ஐப்பசியில் வந்த தீபாவளிக்கு மறுநாளுடையது. தீபாவளியன்று நான் மழைமானிப் பக்கமே போகவில்லை. அன்றைக்குப் பூச்சியம் போட்டுவிட்டு, இரண்டு நாள் தண்ணீரையும் மறுநாள் கணக்கில் எழுதினேன்.

தேநீர் நேரத்தில் அவனைத் தனியே கூப்பிட்டு அதைச் சொன்னேன். அவன் முகம் வாடுவதைப் பார்க்கத்தான் சொன்னேன்.

அவன் சிரித்தான். “அந்தக் கோட்டைத் திருத்திக்கிறேன். மாசத்து மொத்த மழை மாறாதே மச்சான், நான் சொன்னது சரிதான். நீ பயப்படாத, துரைக்கிட்ட சொல்ல மாட்டேன்.”

இனி அவன் தயவு வேறு எனக்கு. வெளியே மழை கொட்டுகிறது. காலையில் எழுந்து இதையும் அவனுக்காகத்தான் அளக்க வேண்டும்.