அட்டமத்துச் சனியும் உன் பட்டப்படிப்பும்

கோப்பாய்,
புரட்டாதிக் கடைசிச் சனிக்கிழமை.

அன்பு மகள் பத்மாசினிக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகம். உனக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும் பதுளைக் குளிரில் ஒரு குறையும் வராமல் முருகன் காக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. எனக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், தலைச்சுற்று இல்லை. கிணற்று மோட்டர் பழுதாகித் திருத்தியாயிற்று. இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லலாம்தான், ஆனால் அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும்போது சொல்ல நினைத்தது எனக்கு வாயில் வருவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

போன கிழமை நீ, வேலையை விடாமலே தாதியியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஆஸ்பத்திரி மேற்றனும் போடச் சொல்கிறார், முடிவுத் திகதி இந்த மாதக் கடைசி என்று சொன்னாய். அம்மா உடனே, "உனக்குக் கடக ராசி. அட்டமத்துச் சனி மாசி வருமட்டும் கிடக்கு. விலகட்டும், பிறகு பாப்பம்" என்றார். நீயும் சரியம்மா என்று வைத்துவிட்டாய். அந்தச் சரியம்மா எனக்குப் பிடிக்கவில்லை. தாதியர் பயிற்சிப் பாடசாலையில் படிப்பிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நீ, டிப்ளோமாவோடு நின்றால் அது நடக்காது என்று எனக்கு விளங்கப்படுத்தியவளும் நீ. உனக்கு நாற்பத்தொரு வயது. இந்த முறை விட்டால் அடுத்த முறை இதே துணிவு வருமோ தெரியாது. ஆனாலும் பகல் முழுவதும் நோயாளர் வாட்டில் நின்றுவிட்டு வந்து புத்தகம் எடுப்பது எப்படியிருக்கும் என்று, அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் கதிரையில் இருந்து உழைத்த நான் சொல்வது சரியல்ல. அதனால் உன்னோடு பயிற்சி எடுத்த கிறிஸ்ரினாவை வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டேன். அவள் இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாளாம். முதல் ஆறு மாதம் ஆங்கிலம் ஓடவில்லை, பிறகு பாதிக்கு மேல் தாங்கள் தினம் செய்கிற வேலைதான் என்று கண்டபோது பயம் விட்டது என்றாள்.

அவள் வருவதற்கு முன் நான் இரண்டு பஞ்சாங்கத்தையும் எடுத்துப் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் பார்ப்பது வாக்கியம், அதன்படி சனி மாசியில்தான் மாறுகிறது. திருக்கணிதத்தின்படி போன பங்குனியிலேயே மாறி, உன் அட்டமம் முடிந்துவிட்டது. எது சரி என்று சொல்ல எனக்கு அறிவு காணாது. ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பு, நாங்கள் எந்தப் பஞ்சாங்கம் வாங்கினோம் என்பதில் தங்கியிருக்கக்கூடாது என்று பட்டது. கிறிஸ்ரினா பக்கத்தில் இருந்த துணிவில் இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் உடனே, "அன்ரி, எங்களுக்கு இரவு வேலை போடேக்கை மேற்றன் எந்தப் பஞ்சாங்கம் பாத்தவ?" என்று கேட்டாள். அம்மா விடவில்லை. "உனக்கென்ன பிள்ளை, உங்கடை வேதத்திலை சனி பிடிக்கிறேல்லை" என்றார். "பிடிக்கும் அன்ரி, எங்கடை படிப்பிலை அதுக்குப் பேர் புள்ளிவிபரவியல்" என்றாள் அவள். அம்மா சிரித்தார், ஆனால் ஓம் என்று சொல்லவில்லை. பிறகு இரண்டு நாள் எனக்குத் தேத்தண்ணீர் வந்தது, பேச்சு வரவில்லை.

இன்று கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்தோம். உன் பேருக்கு அம்மா தனியாக ஒரு எள்ளுப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார். திரும்பி வரும்போது ஓட்டோவில் அம்மா, "விண்ணப்பத்தை அவளை அனுப்பச் சொல்லுங்கோ. மாசி வருமட்டும் சனிக்குச் சனி நான் எண்ணெய் எரிக்கிறன், படிக்கிறது அவளின்ரை பாடு. பெயிலானாளெண்டால் உங்களைத்தான் கேப்பன்" என்றார். நான் ஓம் என்றேன். வேறு எதற்கும் நான் இப்படி யோசிக்காமல் ஓம் சொன்னதாக நினைவில்லை.

இனி அம்மா தடையில்லை. மருமகனும் பேரனைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மிச்சம் நீதான். சான்றிதழ்ப் பிரதிகளைச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பு, பற்றுச்சீட்டைக் கவனமாக வை. நாள் பார்க்காதே, இது கிடைத்த மறுநாளே அனுப்பு. பயமாக இருந்தால் பயத்தோடேயே அனுப்பு. நான் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறேன், அனேகமானவை நடந்திருக்கின்றன.

மூவருக்கும் எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உண்டு. இரவு வேலைக்குப் போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அன்புள்ள அப்பா,
வை. திருஞானசம்பந்தர்